முதல் சந்திப்பில் ‘பார்க்கலாம்’ என்று சொல்லாதே

கண்ணு,

கிணத்துக்கடவின் பேரரசரும், பொள்ளாச்சிச் சாலையில் இருபுறமும் நிற்கும் தென்னைகளுக்குத் தலைவரும், தேங்காய் உரிக்கும் இயந்திரங்களின் பிதாமகருமான உன் அப்பா, ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்ட காரணத்தால் இன்று மோரும் ஊறுகாயும் மட்டுமே உட்கொண்டு, சற்றும் கம்பீரம் குறையாமல் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நான். உன் அம்மா டல்லஸில் உன் தங்கையின் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே வீடியோ காலில் எனக்குச் சமையல் சொல்லித் தருகிறாள். அவள் “கடுகு போடுங்க” என்று சொல்லும்போது இங்கே நெட் போய்விடுகிறது. அது திரும்பி வரும்போது கடுகு கரியாகி, கரி சாம்பலாகி, அதில் பல்லே விளக்கலாம் என்ற நிலைமைக்கு வந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நீயும் ஹரியும் சேர்ந்து பெங்களூரில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதி நடத்தும் கம்பெனிக்காக ஒரு பிசினஸ் கன்சல்டன்டைப் பார்க்கப் போகிறீர்கள், முதல் மீட்டிங், “உங்ககிட்ட ஒருத்தங்க வந்தாங்களேப்பா, என்னென்ன கேட்டாங்க?” என்றாய். நான், “பெருசா ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா பேசிப்போட்டுப் போனாங்க” என்று சொல்லிவிட்டு, அங்கே மழையா என்று விசாரித்தேன். அது பொய். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்லடத்தில் ஒரு டீக்கடை வாசலில் இறக்கிவிட்ட கதையைச் சின்ன வயதில் உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பயணத்தில்கூட நான் இவ்வளவு ஆடிப்போகவில்லை. போனில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது.

அவரை ஏற்பாடு செய்ததே நீதான், மறந்திருக்க மாட்டாய். ‘நாலு பேர் இருக்கிற தொழில்ல போட்டி அதிகமாயிருச்சு, வெளியாள் ஒருத்தர் பார்த்தா நல்லதுப்பா’ என்று சொல்லி, பீளமேட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் அந்தம்மாவின் நம்பரைக் கொடுத்தாய். போன் செய்தேன். “முதல் தடவை ஃபீஸ் எதுவும் வேண்டாமுங்க. ஒரு மணி நேரம் பேசலாம், பட்டறையைச் சுத்திப் பார்க்கறேன், அவ்வளவுதானுங்க. எதுவும் தயார் பண்ண வேண்டாம்” என்றார். எதுவும் தயார் பண்ண வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், கொங்கு நாட்டில் அதற்கு என்ன அர்த்தம்? பந்தல் மட்டும்தான் நான் போடவில்லை. பட்டறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். லேத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். தரையை நான் கழுவவைத்த கழுவலில், பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன சிமென்ட், தன் பிறவி நிறத்தைக் கண்டு தானே வெட்கப்பட்டது. நம் ஃபோர்மேன் துரைசாமியை வெள்ளை வேட்டி கட்டி வரச்சொன்னேன். அவன், “என்னுங்க, மாப்பிள்ளை பாக்க வாராங்களா? எனக்கு ஏற்கெனவே பொண்டாட்டி ஒண்ணு இருக்குதுங்களே” என்றான்.

இதெல்லாம் போகட்டும். என் மூளையிலிருந்து அன்று பிறந்த மாபெரும் யோசனையைக் கேள். ஒறம்பரையாக ஒருத்தர் வீடு தேடி வருகிற நேரத்தில் டிரில்லிங் மெஷினும் கிரைண்டரும் அலறிக்கொண்டிருந்தால், வந்தவரோடு கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் யாராவது கத்துவார்களா? அதனால் எல்லா மெஷினையும் நிறுத்தினேன். நிறுத்தினால் ஆட்கள் சும்மா நிற்பார்கள், அதுவும் மரியாதையில்லை. ஆகவே எல்லோரையும் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பிவைத்தேன். வெல்டிங் பையன்கள் பொள்ளாச்சிக்குப் படம் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தம்மா வந்து இறங்கியபோது, மகாராஜாவின் பட்டறை தேர் போன மறுநாள் கோயில் வீதிபோல் பளபளவென்று காலியாக இருந்தது.

உள்ளே வந்தார். உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பருத்திப் புடவை, கையில் ஒரு நோட்டும் பேனாவும், அவ்வளவுதான். சுற்றிப் பார்த்தார்.

“இன்னைக்கு வார லீவுங்களா சார்?”

“இல்லீங்க. நீங்க வாறீங்கன்னு நிறுத்திப்போட்டோமுங்க.”

“ஏனுங்க?”

“சத்தத்துல உங்களோட எப்படிங்க பேசறது? மரியாதையா இருக்காதுங்களே.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். “சார், நான் பாக்க வந்ததே அந்தச் சத்தத்தைத்தானுங்களே.”

டாக்டர் வருகிறார் என்று வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, நோயாளியை மட்டும் வெளியூருக்கு அனுப்பிவைத்த முதல் மனிதன் இந்த உலகத்தில் உன் அப்பாதான். ஆகையால் உனக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இது. நீங்கள் பார்க்கப் போகிறவர் உங்கள் ஆபீசுக்கு வந்தால், அன்றைக்கு மேசையைத் துடைக்காதீர்கள். நீயும் ஹரியும் எந்த நாளும் எப்படிச் சண்டை போடுகிறீர்களோ அப்படியே போடுங்கள். ஆஸ்பத்திரிக்காரர் யாராவது போனில் திட்டினால் ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் உங்களுக்கு மார்க் போட வருவதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வருகிறார். மழை பெய்யும்போது பார்த்தால்தானே ஓடு எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியும்.

உட்கார்ந்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “சொல்லுங்க சார், தொழில்ல என்ன கஷ்டம்?” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒரு குறையும் இல்லீங்க” என்றேன். வந்தவரிடம் வந்ததும் வராததுமாகக் குறை சொல்லி அழுவது நம் வழக்கமா? வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தாலும், கேட்டால் ‘நல்லா இருக்கறமுங்க’ என்று சொல்லும் வம்சம் நம்முடையது. அவர் விடவில்லை. “குறையே இல்லைன்னா என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?” என்றார். மூலையில் வேட்டியோடு உட்கார்ந்திருந்த துரைசாமி, “அதைத்தானுங்க நானும் நேத்துல இருந்து கேக்கறேன்” என்றான்.

அதற்கப்புறம் அவர் செய்த வேலையைக் கவனமாகக் கேள், உனக்கும் இதுதான் நடக்கும். ஆலோசனை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் மெஷினை யார் வாங்குகிறார்கள், ஏன் உங்களிடம் வாங்குகிறார்கள், ஒரு தடவை வாங்கியவர் திரும்ப வருகிறாரா, வராதவர் எங்கே போகிறார். தினமும் காலையில் எழுந்ததும் உங்களுக்கு முதலில் கவலை தருவது எது. நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் பட்டறையில் எது நிற்கும், எது ஓடும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணம் சொன்னேன். கேரளத்து வியாபாரி ஒருவர் நம் மெஷினைப் பார்த்துக் கண்ணீர் விட்டதையும், நான் வடிவமைத்த பிளேடின் கூர்மையைக் கண்டு தேங்காய்கள் மரத்திலிருந்தே தாமாக மட்டை கழன்று விழத் தொடங்கியதையும் விவரித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகும் பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் இருக்கிறதே கண்ணு, அது பொல்லாதது. நமக்கு வாய் நமநமக்கும். அதை நிரப்புவதற்காக, சொல்ல நினைக்காததை எல்லாம் சொல்லிவிடுவோம். பயப்படாதே, சொல்லிவிடு. நான் அப்படித்தான், பெரிய ஆர்டர் எதுவும் ஆறு மாதமாக வரவில்லை என்பதையும், கோவையில் புதிதாக வந்த கம்பெனி நம்முடையதைவிட எடை குறைந்த மெஷின் செய்கிறது என்பதையும், அது நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொன்னேன். சொன்ன பிறகு பித்தம் இறங்கியதுபோல் இருந்தது. துரைசாமி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அவனிடம்கூட நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நீங்களும் அவரைக் கேட்கலாம், கேட்க வேண்டும். நான் கேட்டேன். எங்களைப்போன்ற பட்டறையை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா, அடுத்த தடவை நீங்களே வருவீர்களா, இல்லை நேற்றுப் படித்து முடித்த பிள்ளையை அனுப்புவீர்களா, உங்களால் ஆகாத வேலை எது. கடைசிக் கேள்விக்கு அவர் மழுப்பவில்லை. “மெஷின் டிசைன் எனக்குத் தெரியாதுங்க. அதுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்” என்றார். எல்லாம் தெரியும் என்று சொல்கிறவரைவிட இது தெரியாது என்று சொல்கிறவரை நம்பு. முதல் நாளே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர் வந்தால், இளநீர் கொடுத்து வழியனுப்பிவிடு.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “உங்களுக்கு அப்புறம் இதை யாருங்க பாத்துக்குவாங்க?”

இதற்கு நான் யோசிக்கவே இல்லை. சிம்மாசனத்தில் நிமிர்ந்தேன். “என்ற பையன் வாரானுங்க” என்றேன். நீ வந்ததும் நடக்கப்போகிற வெற்றிகளையும் சொன்னேன். இலங்கை விழும், இந்தோனேசியா கப்பம் கட்டும், பிலிப்பைன்ஸ் தேங்காய்கள் நம் மெஷின் முன் வரிசையில் நின்று டோக்கன் வாங்கும், அந்த டோக்கன் சாஃப்ட்வேரையும் நீயே எழுதுவாய் என்றேன். துரைசாமி இருமினான். அந்தம்மா எழுதிக்கொண்டே வந்தவர், தலையைத் தூக்கினார்.

“அவரே வாரேன்னு சொன்னாருங்களா?”

“கேட்டிருக்கேனுங்க.”

“என்ன சொன்னாருங்க?”

“பாக்கலாமுங்கப்பான்னு சொன்னானுங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் வைத்தார். “சார், நீங்களும் இந்த ஊருக்காரரு, நானும் இந்த ஊருக்காரிங்க. பாக்கலாம்னா என்னன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமுங்களே.”

தெரியாமலா இருக்கிறது. வேண்டாத சம்பந்தம் வந்தால் நாம் சொல்வது பார்க்கலாம். கொடுக்க மனமில்லாத காட்டை ஒருவர் விலைக்குக் கேட்டால் பார்க்கலாம். போக முடியாத கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் பார்க்கலாமுங்க. கொங்கு நாட்டில் ‘முடியாது’ என்ற சொல்லைக் கடைசியாகச் சொன்னவரை அன்றே பாலக்காட்டுக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து யாரும் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று நாம் பார்த்துப் பார்த்து நெய்த துணி அது. அந்தத் துணியை நீ எனக்கும் போர்த்திவிட்டாய், நான் அதைப் பட்டுச் சால்வை என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

“மகன் வந்தா ஒரு வழிங்க, வரலைன்னா வேற வழிங்க. துரைசாமியண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கலாம், பெரிய கம்பெனிக்குக் கைமாத்தி விடலாம், இல்ல உங்களால முடியற வரைக்கும் சின்னதாவே நடத்தலாம். மூணும் நல்ல வழிதானுங்க. ஆனா எதுன்னு தெரியாம நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் கலர் காகிதம்தானுங்க” என்றார். “பதில் கிடைச்சதும் கூப்பிடுங்க. அதுக்கப்புறம் ஃபீஸ் பேசலாம்.” ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் வழிமறித்ததால் மட்டும், நானே செய்த அரிசிம்பருப்புச் சாதத்தை, நாகரிகத்தின் பொருட்டு, முகம் மாறாமல் சாப்பிட்டார். அந்த வீரத்துக்கே அவருக்குத் தனியாக ஃபீஸ் கொடுக்கலாம்.

கார் போனது. துரைசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊட்டுக்குப் போனான். பட்டறை நின்றிருந்தது. உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் எட்டுக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் சாயந்திரம் வரைக்கும் நம் வீட்டுப் பாத்திரங்கள்கூட லேசாக முனகிக்கொண்டிருக்கும். அன்று மத்தியானம் எதுவும் முனகவில்லை. நான் ஒரு தட்டைக் கழுவினேன், அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. டிவி போட்டேன், அணைத்தேன். மொபைல் கம்பெனி கஸ்டமர் கேரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு புதிய பிளானைப் பற்றிச் சொன்னாள். அவளிடம் உன்னைப் பற்றியும், ஹரியைப் பற்றியும், பெங்களூர் போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் நெடுநேரம் பேசினேன். வழக்கமாக அவர்களை நாம் துரத்துவோம் இல்லையா, அன்று அவள்தான் என்னிடமிருந்து தப்பித்துப் போனாள். பிறகு ஹாலில் உட்கார்ந்து, நீ ஏன் இரண்டு பொங்கலாக வரவில்லை என்று யோசித்தேன். பெங்களூர் ஆறு மணி நேரம். வேலை அதிகம், டிக்கெட் கிடைக்கவில்லை, ஹரிக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நீ வந்த ஒவ்வொரு தடவையும் பையைக் கீழே வைக்கும் முன்பே நான் உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், புதிதாக வாங்கிய மெஷினைத் தட்டிக் காட்டி, ‘இதெல்லாம் உனக்குத்தான்’ என்று சொல்லியிருக்கிறேன். நீயும் ஒவ்வொரு தடவையும் ‘பாக்கலாங்கப்பா’ என்று சொல்லியிருக்கிறாய். பிறகு இரண்டு நாளும் அந்த மெஷின் நமக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. உனக்கு அப்பாவைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. ஒரு பொய்யை மறுபடியும் மரியாதையாகச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் வராமல் இருந்திருக்கிறாய்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் சும்மாதான் இருந்தேன். தினமும் உனக்குப் போன் செய்து கேட்டுவிடலாம் என்று எடுப்பேன், ‘சாப்டியா கண்ணு’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வாய். கடைசியில் நான் அந்தம்மாவையே கூப்பிட்டேன். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஏனுங்க, பையன் வரமாட்டானுங்க!”

“அவரு சொல்லிட்டாருங்களா சார்?”

“இல்லீங்க. நான் சொல்றேனுங்க!”

 “சரிங்க சார். புதன்கிழமை வாரேனுங்க” என்றார். இதை வாய்விட்டு நான் முதலில் சொன்னது ஒரு வெளியாளிடம். உன் அம்மாவிடம் அன்று சாயந்திரம்தான் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “எனக்கு அவன் காலேஜ் சேர்ந்தப்பவே தெரியுமுங்க” என்றாள். பிறகு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பாக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

துரைசாமியைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. அவனிடம் கேட்டபோது அவனும் தலையைச் சொறிந்துகொண்டு “பாக்கலாமுங்க” என்றான். பிடித்துக்கொண்டேன். “அதெல்லாம் ஆகாது துரைசாமி, ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல” என்றேன். இப்படி ஒரு கேள்வியை அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் கேட்டதில்லை. வேர்த்துவிட்டது. மறுநாள் காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து “ஆமாங்க” என்று சொன்னான், கல்யாண மேடையில் நிற்பவன்போல. பட்டறை இனி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஓடலாம், ஓடாமலும் போகலாம். அது எங்கள் இரண்டு பேருடைய கவலை.

இப்போது உன் மீட்டிங்குக்கு வருகிறேன். உங்கள் கன்சல்டன்டும் ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைப்பார். உன்னையும் ஹரியையும் பார்த்து, ‘இன்னும் சில வருஷம் கழித்து இந்தக் கம்பெனியில் யார் இருப்பீர்கள்’ என்று கேட்பார். போன வருஷம் ஹரி என்னிடமே கேட்டான், “அங்கிள், இவனை எப்ப அங்க கூப்பிட்டுக்கப் போறீங்க?” என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், அவன் பயந்துகொண்டு கேட்டிருக்கிறான். உன்னை நம்பி வேலையை விட்டு வந்த பையன் அவன். என்றைக்காவது நீ கிணத்துக்கடவு பஸ் ஏறிவிடுவாய் என்ற நினைப்போடுதான் தினமும் ஆபீஸைத் திறந்திருக்கிறான். உன் அந்த ஒரு வார்த்தையை அவனிடமும் சொல்லி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும், என் பிள்ளைதானே நீ. ஆகவே அந்தக் கேள்வி வரும்போது, ஹரியைப் பார்த்து, ‘நான் இங்கேதான் இருப்பேன்’ என்று சொல். வேறு எதையும் சேர்க்காதே. உன் மனதில் எங்காவது நான் உன் வரவுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தால், என்னை வீட்டுக்குள்ளே போகச் சொல்லிவிடு. நான் போய்விடுவேன்.

மீட்டிங் முடிந்த வாரம் ஊருக்கு வந்துவிட்டுப் போ. பொங்கல் வரைக்கும் எல்லாம் காத்திருக்க வேண்டாம், ஒரு சனி, ஞாயிறு போதும். பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று, அதைப் பேசாமல் நாம் இரண்டு பேரும் வேறு என்ன பேசுவோம் என்று நேற்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், அங்கே யாரையாவது பிடித்திருக்கிறதா, காலையில் காபியா டீயா என்பதுகூட எனக்குத் தெரியாது. நீ வந்தால் முதலில் கொஞ்சம் திணறுவோம். பரவாயில்லை கண்ணு. வா.

உன் அப்பா